சத்தத்தை முந்தாத தோட்டா

— திருப்பிக் கொண்டாந்தா நான் வாங்கிக்க மாட்டேன் வெண்டல். வெளிய போன தோட்டா கடைக்குள்ள திரும்ப வரக் கூடாதுன்னு சுவத்துல எழுதியே ஒட்டியிருக்கேன். அதுவும் இது நான் வித்ததுகூட இல்ல, எதிர்க்கடையில வாங்கினது.

— திருப்பித் தர வரல ஆர்வில் அண்ணே. நான் வாங்கினது சரின்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும். புருஷன் சொன்னா காதுல ஏறாது. துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னா ஏறும்.

— புருஷன் சொன்னது எது எனக்கு ஏறலையாம்? பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத இடத்துல, நெப்ராஸ்காவோட இந்த மூலையில வந்து குடியிரு லோரீன்னு சொன்னே. வந்து இருக்கேன்ல.

— சண்டையை வாசல்லயே விட்டுட்டு வாங்கப்பா. காபி ஊத்தி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க. துப்பாக்கி எது, காட்டு. ம்ம். சட்டைப் பையில அடங்கற சின்னது. குழல் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கு. இதுக்குப் போய் எந்தத் தோட்டா வாங்கினே?

— இருக்கறதுலயே வேகமானது. சூப்பர்சோனிக். சத்தத்தையே முந்திக்கிட்டுப் போகும். பெட்டி மேல போட்டிருக்கற நம்பரைப் பாருங்க.

— அந்த நம்பரைப் பாத்துத்தான் ஊர்ல பாதிப் பேர் ஏமாறுறான். தம்பி, அது நீளமான குழல்ல வச்சு அளந்தது. இந்தக் குட்டைக் குழல்ல வெடிமருந்து எரிஞ்சு முடியறதுக்குள்ள தோட்டா வெளிய வந்துரும். மிச்ச மருந்து வெளிய வந்து எரியும். நீ வாங்கினது வேகம். உனக்குக் கிடைக்கறது தீயும் வெடிச் சத்தமும்.

— நான் சொன்னேன்.

— நீ எங்கடி சொன்னே?

— வண்டியில வர்றப்ப. நீ ரேடியோவைத் திருகிக்கிட்டு இருந்தே.

— அண்ணே, இது விளையாட்டு இல்ல. நான் சரக்கு ரயில் வேலைக்கு ஏறினா வாரம் பூரா இவ வீட்ல தனியா இருக்கா. போன மாசம் எவனோ பின்கதவை உடைக்கப் பாத்தான். ஷெரிஃபுக்குப் போன் போட்டா, ஆள் வந்து சேர்றதுக்குள்ள அடுப்புல இருக்கற சூப்பு ஆறி ஏடு கட்டிரும். அன்னிலேருந்து லிங்கன் டவுன்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு ஒரே பாட்டு. போனா திரும்ப வர மாட்டா. எனக்குத் தெரியும்.

— வர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?

— சொல்லல. பரண்ல கெடந்த பெட்டியை இறக்கிக் கதவோரமா வச்சிருக்கே. தினம் அதைப் பாத்துக்கிட்டேதான் நான் பூட்ஸ் மாட்டறேன்.

— இருப்பா. லோரீன், நீ சொல்லும்மா. உனக்கு எது வேணும்?

— மெதுவா போறது. கனமான குண்டு, சத்தத்தை முந்தாதது. சப்சோனிக்.

— ஏன்னு கேளுங்க அண்ணே. திருட வந்தவனுக்குக் காது வலிக்கக் கூடாதாம்.

— அவன் காது எக்கேடு கெட்டா எனக்கென்ன.

— அப்ப யார் காது? உன் காதா? கவுன்டி துப்பாக்கி சுடற போட்டியில வருஷா வருஷம் ஆம்பளைங்களைத் தோக்கடிச்சுட்டு வர்றவ நீ. துப்பாக்கிச் சத்தம் உனக்குத் தாலாட்டு மாதிரி.

— ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. மெதுவா போற தோட்டான்னா பூனை நடைன்னு நினைக்காதீங்க. வீட்டுக்குள்ள அதுவும் காதைக் கிழிக்கும். வேகமா போறதுல கூடவே சாட்டையடி மாதிரி ஒரு சத்தம் சேரும், இதுல அது மட்டும் இருக்காது. குட்டைக் குழலுக்குத் தீயும் கொஞ்சம் அடங்கும், கை உதறலும் கம்மி. இன்னும் குறையணும்னா நுனியில சைலன்சர் மாட்டணும். அதுக்கு வேற குழல் போடணும், அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்துக் கெடக்கணும்.

— கெடக்கலாம் அண்ணே. அதுக்கு நாள் இருக்கு.

— என்ன நாள் இருக்கு? நான் திங்கக்கிழமை ரயில் ஏறணும்.

— இன்னொண்ணு கேக்கணும். குறி தப்பிச்சுன்னா, மெதுவானது சுவத்தோட நின்னுருமா?

— நிக்காது. ரெண்டுமே தாண்டிப் போகும். உங்க வீட்டுச் சுவர் என்ன கருங்கல்லா? பிஸ்கட்டு மாதிரி அட்டை. நீ எங்க நிக்கறே, எதிர்ல எந்தச் சுவர், அதுக்கு அந்தாண்டை யாரு, அதை முதல்ல பாத்துக்க. தோட்டா அப்புறம்.

— அப்ப கட்டிலைத் திருப்பிப் போடணும். இப்ப இருக்கற இடத்துலருந்து பாத்தா கதவுக்கு நேர் பின்னால மஞ்சள் ரூம் வருது. ஜன்னலோரமா போட்டுட்டா, தப்பினாலும் சோளக் காட்டுப் பக்கம் போயிரும்.

— அந்தத் தேக்குக் கட்டிலையா? அதைத் தூக்கி வச்சப்ப போன என் இடுப்பு இன்னும் திரும்பி வரல.

— சரி, வாய்ல சுட்டது போதும். பின்னாடி சுட்டுப் பழகற ரேஞ்சு சும்மாத்தான் இருக்கு. ரெண்டுலயும் ஒரு மேகசின் தோட்டா சுட்டுப் பாரு லோரீன். உன் கையே சொல்லிரும்.

— வெண்டல் சுடட்டும் அண்ணே. நான் வண்டியில இருக்கேன்.

— நீயா? கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் நிக்கற ஆளாச்சே.

— அந்தச் சத்தமும் ஈயப் புகையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

— காபியும் தொடலையே நீ.

— ஆறிப் போச்சு.

— இப்பத்தான் ஊத்தினேன், ஆவி பறக்குது. ம்ம். சரிம்மா. சரி. வெண்டல், அந்த வேகத் தோட்டாப் பெட்டியை ரேஞ்சுலயே சுட்டுத் தீத்துரு. வீட்டுக்கு லோரீன் கேட்டதுதான். உள்ள இருந்து எடுத்துட்டு வர்றேன். மெதுவாத்தான் வருவேன், முட்டி வலி.

— உங்களுக்கு எப்ப அண்ணே முட்டி வலி வந்துச்சு? அண்ணே? பாரு, அவரும் உன் கட்சிக்குத் தாவிட்டுப் போறார்.

— நல்ல மனுஷன்.

— லோரீன், உண்மையைச் சொல்லிரு. நான் தாங்கிக்குவேன். சுடவும் வர மாட்டேங்கறே, காபியும் இறங்கல. போறதுன்னு முடிவு பண்ணிட்டே, அதானே?

— போறவ எதுக்குய்யா கட்டிலை எங்க போடறதுன்னு யோசிக்கப் போறா?

— அப்ப கதவோரமா வச்சிருக்கற அந்தப் பெட்டி?

— ஒரு தடவையாவது திறந்து பாத்தியா?

— இல்ல. பயமா இருந்துச்சு.

— அதுல என் துணி ஒண்ணுகூட இல்ல. மஞ்சள் ரூமுக்குன்னு அப்ப வாங்கினோமே, அந்தக் குட்டிப் போர்வை எல்லாம். எடுத்துத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்.

— அதை ஏன் இப்ப எடுத்தே? இனிமே குழந்தையை எதிர்பாக்காதீங்கன்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து நாம அந்தக் கதவையே தொட்டதில்லையே. எனக்கு ஒண்ணும் புரியல லோரீன். காலியாக் கெடக்கற ஒரு ரூமுக்காகவா கட்டிலை நகத்தணுங்கறே?

— காலியாத்தான் இருக்கு வெண்டல். ஜூன் வரைக்கும்.