முதல் கோடு

— ஏட்டி ஜெபசெல்வி, புது அடுப்பு ஒன்னோடது. அதப் பத்த வைக்க என்னைய எதுக்குக் கூப்பிட்ட?

— மொதப் பாலு உங்க கையால காயட்டும் மாடத்தியக்கா. பன்னெண்டு வருஷமா ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். மத்லப், அதாவது, உங்கள விட்டா நான் யாரக் கூப்பிடுவேன்?

— பவுசு காட்டத்தான் கூப்பிட்டிருக்க. எனக்குத் தெரியாதாக்கும்.

— காட்டுற அளவுக்கு என்னக்கா இருக்கு? அஞ்சடிக்கு நாலடி. ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆளு வாசல்லதான் நிக்கணும்.

— அஞ்சடியா இருந்தாலும் கண்ணு கூசுதே. இந்த தாராவி லேபர் கேம்ப் சந்துல எவ வீட்டுல இப்படி ஒரு அடுப்பு மேடை இருக்கு? இந்தக் கல்லு எங்க எடுத்தது?

— நாகூர் கனி பாய் கடையில மூலை ஒடஞ்சு கெடந்துச்சு. யாரும் வாங்கலன்னு பாதி வெலைக்குக் குடுத்தாரு. ஒடஞ்ச மூலைய அண்ணன் சுவத்துக்குள்ள திருப்பி வச்சுட்டாரு. சிங்க் பழைய சாமான் கடையில எடுத்தது. புளி போட்டு ரெண்டு நாளு தேச்சேன்.

— அண்ணனாம் அண்ணன். வாய் நெறையக் கூப்பிடுத. ஒடஞ்ச கல்லுன்னு தேடிப் பாத்தாலும் தெரியலியே. அப்படி வேல செய்ய எங்க வீட்டு மனுசனுக்குத்தான் கை வரும். எங்க வீட்டுக்குன்னா மட்டும் அந்தக் கை வராது.

— பாலு பாத்திரத்த இந்தப் பக்கம் வைங்கக்கா. அந்த பர்னர் கொஞ்சம் மந்தம்.

— வைக்கேன் வைக்கேன். நீ ஏன் அந்த மூலையிலயே நவுராம நிக்க?

— இடம் இல்லல்ல.

— ஆளே கொஞ்சம் ஒசந்த மாதிரி இருக்கட்டி. சமையக்கட்டு புதுசானா ஆளும் வளந்திருவா போல.

— தீய கொஞ்சம் கொறைங்கக்கா.

— எனக்கு வார ஆத்திரத்துக்கு தீயே வேண்டாம், பாலு தானா பொங்கிரும். எங்க வீட்டு மேடையப் பாத்திருக்கல்லா? எங்க மாமியாருக்குப் போட்ட கடப்பாக்கல்லு. அவிய என் தோளுக்குக்கூட வர மாட்டாவ. அவியளுக்குப் போட்ட கல்லுல பதினெட்டு வருசமா நான் குனிஞ்சே ஆக்குதேன். கல்யாணம் ஆகி வந்தப்ப இந்தச் சந்துல எல்லாரும் என்னைய பனமரம்னு கேலி பண்ணுவாளுவ. இப்ப பாரு, பாதி பனைதான் மிச்சம்.

— அண்ணன்கிட்ட நீங்க கேக்கலையா?

— கேக்காம? ஒவ்வொரு தீவாளிக்கும் கேக்கேன். இப்ப ஒரு புதுக்கத சொல்லுதாவ. சர்வேக்காரன் கதவுல நம்பர் எழுதிட்டுப் போயிட்டான், எப்ப இடிப்பானோ, இப்ப எதுக்குச் செலவுன்னு. ஏட்டி, அதே நம்பர் ஒன் கதவுலயும்தான எழுதிருக்கு. அந்தக் கதய ஒனக்குச் சொல்லலியா?

— சொன்னாருக்கா. இடிக்கிற வரைக்கும் நான் சாப்பிட வேணாமான்னு கேட்டேன். அவ்வளவுதான், சிரிச்சிட்டு சாந்து கொழைக்க ஆரம்பிச்சுட்டாரு.

— சிரிச்சாவளா? எங்கிட்ட சிரிச்சு மாசக்கணக்காவுது.

— அக்கா.

— என்ன அக்கா? ஒரே ஞாயித்துக்கெழமையில முடிஞ்சிரும்னு சொல்லிட்டு வந்தாவ. மூணு ஞாயிறு ஆச்சு. நடுவுல மத்த நாளும் செம்பூர்ல சைட்டு வேலைய முடிச்சிட்டு, சாயங்காலம் சட்டகூட மாத்தாம நேரா இங்க. நான் டீய வச்சுக்கிட்டு காத்துக் கெடப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் கொத்துக்கரண்டி சத்தம், சுவத்துக்கு இந்தப் பக்கம் நான். ஆறிப் போன டீய பாத்திரம் கழுவுத மோரியில ஊத்துவேன்.

— வேலை இழுத்துருச்சு. அதுக்குக் காரணம் இருக்குக்கா.

— என்ன காரணம்? அந்த ரெண்டாவது ஞாயிறு நீங்க ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச சத்தம் எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? ஒத்தச் செங்கல் சுவரு. ஒன் வீட்டுல தும்முனா எனக்குக் கேக்கும்.

— மொதல்ல சிரிச்சேன். அப்புறம் கேட்டது சிரிப்பு இல்லக்கா.

— சிரிப்பு இல்லாம பின்ன பாட்டா? சரி, அத விடு. இந்தா, மேடைக்குக் கீழ, சுவத்துல ஒரு வரிசை பச்சை டைல்ஸ் இருக்கே. மேல எல்லாம் வெள்ளை, அடியில மட்டும் பச்சை. அது எவளோடது?

— உங்களோடதுதான்.

— ஒத்துக்கிட்ட பாரு, மகராசி. நாலு வருசமா சேத்தது. ஒவ்வொரு சைட்டுலயும் மிஞ்சுனது ரெண்டு, மூணுன்னு கொண்டு வருவாவ. நான் தொடச்சு, பேப்பர் சுத்தி, கட்டிலுக்குக் கீழ அடுக்கி வைப்பேன். என்னைக்காவது என் சமையக்கட்டுக்கு ஆவும்னு. போன வாரம் பெருக்கும்போது பாத்தா பதினொண்ணு கொறையுது. எங்கன்னு கேட்டா, தல குனிஞ்சுக்கிட்டு, சோத்தப் போடுங்காவ.

— ஒரு வரிசை பத்தலக்கா. நான்தான் கடையில போய் வாங்கிட்டு வரேன்னு சொன்னேன். அந்த வெள்ளை ஸ்டாக் இல்லன்னுட்டான்.

— அதுக்கு என் கட்டிலுக்கு அடியிலயா கைய விடுவாவ? இது மட்டுமா? ஒரு சென்ட்ரிங் பலகையக் கொண்டு வந்து, நாலு பக்கமும் அறுத்து, எங்க வாசல்ல உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேச்சாவ பாரு. ஒரு ஞாயிறு முழுக்க. ஒரு சிலாம்பு இருக்கக் கூடாதுன்னு ஒள்ளங்கையால தடவித் தடவிப் பாத்தாவ. எனக்குத்தான்னு நெனச்சேன். உக்காந்து காய் நறுக்கதுக்கு. உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோசம். வெளிய காட்டிக்கல. சாயங்காலம் பாத்தா பலகையும் இல்ல, ஆளும் இல்ல.

— பலகை இங்கதான் இருக்கு.

— இருக்கும். என்னோடது எல்லாம் இங்கதான இருக்கு.

— அப்படிச் சொல்லாதீங்கக்கா.

— சொல்லுவேன். எனக்கு என்ன எரிச்சல் தெரியுமா? இந்த அடுப்புக்கு முன்னால நிக்கேன் பாரு, இப்ப, குனியவே வேண்டாம். கை தானா வந்து கரண்டியில நிக்குது. இடுப்பு வலிக்கல. இப்படி ஒரு மேடையில ஆக்கணும்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன். அதக் கட்டுனவன் என் புருசன். கெடச்சது ஒனக்கு.

— பால் ஓரம் கட்டுது, பாருங்க.

— கட்டட்டும். கேளு. ஒனக்கு வயசு முப்பத்தஞ்சு. ஒன் புருசன் தமிழ்செல்வன் நெருள்ல இன்னொருத்திகூட இருக்கான். தனியா இருக்க பொம்பள வீட்டுக்கு என் ஆளு மூணு ஞாயிறு வாராவ. சந்து சும்மா இருக்குமா?

— சந்து பேசல. நீங்கதான் பேசுறீங்க.

— ஆமாட்டி, நான்தான் பேசுதேன். எனக்குத்தான வயிறு எரியுது.

— காலைல ஆறு மணிக்கு டிராம்பே பஸ்ஸ ஏறுறேன். கேன்டீன்ல நூத்தம்பது பேருக்கு சப்பாத்தி தேய்க்கிறேன். திரும்பி வந்து எனக்குன்னு ஒரு டம்ளர் டீ போட, ஒரு நல்ல எடம் வேணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்க்கா. ஆறு வருஷமா சீட்டு போட்டுச் சேத்தது இந்தக் கல்லு.

— ஒன் ஆசைய நான் கொறை சொல்லல. நான் சொல்ல வேண்டியத அவியகிட்ட நேத்தே சொல்லிட்டேன். இன்னும் ஒரு தடவ அவ படி ஏறுனா நான் செம்பூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், திரும்ப மாட்டேன்னு. பொட்டி கட்டி வச்சாச்சு.

— என்னக்கா சொல்றீங்க?

— கேட்டுட்டுப் பேசாம இருந்தாவ. தப்புப் பண்ணாத மனுசன் வாயத் தொறந்து சொல்லிருப்பாவல்லா?

— நெசமா பொட்டி கட்டிட்டீங்களா?

— வேணும்னா வந்து பாரு. ரெண்டு சேலை, என் மாத்திரை, ஆதார் கார்டு. பாலு காயட்டும்னுதான் நிக்கேன். பொம்பள கூப்பிட்டா பால் காய்ச்ச மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு வந்தேன்.

— ஏசப்பா. இவ்வளவு தூரம் போகும்னு நான் நெனைக்கல. மத்லப், நான் வெளையாட்டா... இல்ல, வெளையாட்டு இல்ல. அக்கா, தீயக் கொறச்சிட்டு குனிஞ்சு என் காலப் பாருங்க.

— கால எதுக்கு?

— பாருங்க. நைட்டியத் தூக்குறேன்.

— பலகை. ஏட்டி, இது அந்தப் பலகைல்லா?

— அதேதான். ஒரு சிலாம்பு கெடையாது. நான் வெறுங்காலோட நிப்பேன்னுதான் அப்படித் தேச்சாரு. இப்ப எறங்குறேன், பாருங்க. மேடை எனக்கு எங்க வருது?

— நெஞ்சுக்கு வருதே.

— இந்தப் பலகை இல்லாம கொழம்பு கொதிக்குதா இல்லையான்னே எனக்குத் தெரியாது. ஆவி மூஞ்சில அடிக்கும், அதான் தெரியும்.

— இது என்ன கூத்து? இருவது வருசம் வேல பாக்க மனுசன். ஒரு மேடையக்கூட அளவா கட்டத் தெரியாதா?

— தெரியும்க்கா. மேடைக்கு எப்படி அளவு எடுப்பாருன்னு நீங்க பாத்திருக்கீங்களா?

— நான் எங்க பாக்க? எனக்குத்தான் ஒண்ணும் கட்டுனதே இல்லையே.

— சுவத்துல மொதல்ல ஒரு கோடு போடுவாரு. டேப்பு கெடையாது. தன் வெலா எலும்ப விரலால தொட்டுப் பாத்து, அந்த ஒசரத்துக்குப் பென்சில்ல ஒரு கோடு. அப்புறம் வீட்டுக்காரியக் கூப்பிட்டு நிக்க வச்சு, முழங்கைய மடக்கச் சொல்லி, அந்தக் கோட்ட ஏத்துவாரு, எறக்குவாரு. அதுக்கப்புறம்தான் கட்டு. எல்லா வீட்டுலயும் அப்படித்தானாம்.

— சரி, அதுக்கு?

— நான் அந்த ரெண்டாவது ஞாயிறு லீவு கெடைக்காம டிராம்பே போயிட்டேன். நிக்க வைக்க ஆளு இல்ல. மொதக் கோடு போட்டவரு, ஏதோ நெனப்புல அந்தக் கோட்டுக்கே கட்டி முடிச்சு, கல்ல ஏத்திட்டாரு. நான் சாயங்காலம் வந்து நின்னேன். நெஞ்சுக்கு வந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அதான் நீங்க கேட்டது. அரைச்சாண் ஒசந்ததாலதான் கீழ ஒரு வரிசை டைல்ஸ் பத்தல.

— அப்புறம் கேட்டது சிரிப்பு இல்லன்னியே, எதுக்கு அழுத?

— அந்த மொதக் கோடு யாரு அளவு அண்ணேன்னு கேட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாரு. மாடத்தி முழங்கை என் வெலாவுல இந்த எலும்புக்கு வரும், கல்யாணம் ஆனதுலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அவ அளவுக்குத்தான் மொதல்ல கோடு போடுவேன், அதுலேர்ந்துதான் மத்தவங்களுக்கு ஏத்தி எறக்குவேன்னு.

— அவிய சொன்னாவளா? இப்படியா சொன்னாவ?

— இப்படியேதான். தாராவி, மாட்டுங்கா, செம்பூருன்னு எத்தன வீட்டுச் சுவத்துல உங்க ஒசரம் இருக்கோ. டைல்ஸுக்குப் பின்னால, பென்சில்ல.

— என் வீட்டுச் சுவத்துல மட்டும் இல்ல பாத்தியா. மடையன். ஊரெல்லாம் என் ஒசரத்துக்குக் கோடு போட்டுட்டு, வீட்டுல என்னைய குனிய விட்டிருக்கான்.

— அதையும் சொன்னாரு. அம்மா கல்ல பேத்தெடுக்க மனசு வரலன்னு.

— பேக்கட்டும். நாளைக்கே பேக்கச் சொல்லுதேன். ஒன்னோடதையும் இடிச்சு, ஒன்னைய நிக்க வச்சுக் கட்டச் சொல்லுதேன்.

— அன்னைக்கே இடிக்கிறேன்னு நின்னாரு. நான்தான் விடல.

— ஏன் விடல?

— பணம் இல்ல. பதினெட்டு வருஷமா ஒருத்தர் நெஞ்சுல வச்சிருந்த கோட்ட இடிக்கவும் மனசு வரல. பால் பொங்குது பாருங்க, தீய அணைக்காதீங்க, கொஞ்சம் வழியட்டும்.

— பாலு கெடக்கட்டும். நேத்து அவ்வளவு கேட்டேனே, இத ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு இதுல?

— அவரு மறைக்கல. நான்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். முக்கியமா உங்ககிட்ட.

— எங்கிட்டயா? நான் ஒனக்கு என்னட்டி செஞ்சேன்?

— ஒண்ணும் செய்யலக்கா. உங்க அளவுக்குக் கட்டுன மேடையில தெனமும் பலகை போட்டு நின்னு நான் ஒருத்தியே எரியணுமா, கொஞ்ச நாளு நீங்களும் எரியட்டுமேன்னுதான்.