காலியாக இருக்கும் பின் இருக்கை

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் நம் நிறுவனத் துணைத்தலைவர் திரு. க்ராஸ் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எம்மெட்டின் மனைவி அடீலா அம்மா அவர்களே, இந்த மொஹாவி பாலைவன வெயிலில் என்னோடு வெந்த தோழர்களே!

நம் சோதனைப் பறப்புகளின் பாதுகாப்புத் தலைவர் எம்மெட் ஸ்ட்ராண்ட் எப்படி வாழ்ந்தார் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எப்படிச் செத்தார் என்று நான் சொல்கிறேன். அந்த விமானத்தை ஓட்டியவன் இந்த வெர்ன் லோமாக்ஸ்தான்.

ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் கரும்பலகை முன் நின்று கேட்பாரே, நினைவிருக்கிறதா? "இன்னைக்கு இந்த விமானம் வெர்னை எப்படிக் கொல்லும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. சொல்லாதவனுக்குக் காபி கிடையாது!" எல்லாவற்றையும் எடைபோட்டு, அபாயம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுதுவார். எழுதியதை யார் குறைத்தாலும், குறைத்தவர் பின் இருக்கையில் ஏற வேண்டும். அது எம்மெட்டின் விதி!

போன வாரம் சுழல் சோதனைக்கு 'அதிகம்' என்று எழுதினார். பம்பரமாய்ச் சுழன்று விழும் விமானத்தை நிறுத்துவதற்கு வாலில் கட்டிய பாராசூட் போதாது, வலுவானது வரட்டும் என்றார். திரு. க்ராஸ் அவர்களே, நீங்கள் அதை அழித்து 'நடுத்தரம்' என்று எழுதினீர்கள்.

"முந்தின தடவையெல்லாம் நல்லாத்தானே வந்துச்சு எம்மெட்?"

"இதுவரைக்கும் கடிக்கலேன்னு பாம்பைச் சட்டைப் பையில போட்டுக்குவீங்களா சார்? சரி, பின்னாடி ஏறுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். எம்மெட்டே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினார். பாராசூட்டை விரிக்கப் பின்னால் ஒருவர் இருந்தாக வேண்டுமே!

சுழன்றோம். பாராசூட் விரிந்தது, விரிந்ததும் கிழிந்து பறந்தது. என் தலை கண்ணாடியில் மோதி மோதி ரத்தம் கண்ணை மறைத்தது. "குதிடா வெர்ன்! குதிச்சுத் தொலைடா!" என்று கத்தினார். குதித்தேன். அவர் பக்கத்துக் கண்ணாடி மூடி திறக்கவில்லை. நான் என் முதுகுப் பாராசூட்டில் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். விமானம் தரையில் மோதி வெடித்தது. உள்ளே அவர்! அடீலா அம்மா, சவப்பெட்டியை ஏன் மூடியே கொடுத்தோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. திங்கட்கிழமை அதே சோதனைக்கு இரண்டாவது விமானம் பறக்கிறது. அதே ரகப் பாராசூட்! பலகையில் அதே 'நடுத்தரம்', அதே கையெழுத்து! திரு. க்ராஸ் அவர்களே, எம்மெட்டின் பணியைத் தொடர்வோம் என்று நீங்கள் பேசினீர்களே? தொடர்வோம்! அவருடைய விதியையும் சேர்த்தே தொடர்வோம்!

ஓட்டப்போகிறவன் நான். பின் இருக்கை காலி. இதோ, உங்கள் அளவுக்கு ஒரு தலைக்கவசம். மேசைமேல் வைக்கிறேன். பக்கத்தில், பலகையைத் திருத்த ஒரு சாக்பீஸும் வைக்கிறேன்.

எதை எடுக்கிறீங்க, சார்?