கனம் குறைத்த பை

பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டுகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும் சார். வாரக்கணக்கில் மலையில் நடக்கப் போகிறவர்கள் முதுகில் ஏறும் ஒவ்வொரு சாமானையும் நிறுத்துத்தான் பார்ப்பார்கள். எங்கள் சமையலறைத் தராசு காய்கறியைவிடக் காலுறைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கும்.

மலையேற்றச் சாமான்களை வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. போக வேண்டிய பாதையை நானும் என் மனைவியும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, மூலைக்கொரு டம்ளர் வைத்து, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கூடாரம் போடலாம் என்று பென்சிலால் குறித்தோம். மேஜையில் இடமில்லாமல் தட்டைக் கையில் பிடித்து நின்றுகொண்டே சாப்பிட்டோம். அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு என் முழங்கால் காலை வாரிவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மாடிப்படி ஏறுவதையே யோசித்துச் செய்யுங்கள் என்றார்.

"அடுத்த வருஷம் போலாம்" என்றேன்.

"அடுத்த வருஷம் புது முழங்கால் முளைச்சிடுமா?" என்றாள். "நான் மட்டும் போயிட்டு வரேன். நீங்க எல்லாம் தயார் பண்ணிக் குடுங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

வாஸ்தவம்தான். சோற்றை உலர்த்திப் பொட்டலம் கட்டினேன். புது பூட்ஸோடு அவளை வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டுக் காலைப் பழக்கினேன். ஒரு மாலை நான் கூடாரத் தையலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்து அறையில் தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "தனியாப் போறதும் ஒரு நிம்மதிதான்டி. அவர் வந்தா மலையை எங்க பாக்கறது, அவரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பசை தடவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மலை ஓடையில் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடிக்கக் கூடாது. மேலே ஆடுகள் மேயும். அதற்காக ஒரு வடிகட்டி உண்டு, உள்ளங்கை நீளம்தான். தண்ணீர் நிரப்பிய பையின் வாயில் அதை மாட்டி அமுக்க வேண்டும். உள்ளே நூலைப் போல நுண்ணிய குழல்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு தடவை உறைந்துவிட்டால் அந்தக் குழல்கள் விரிசல் விட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் முன்போலவே தெளிவாக வரும், கிருமியோடு. அதனால்தான் குளிர் இடத்தில் அதைப் படுக்கைப் பைக்குள் வைத்துத் தூங்கச் சொல்வோம். கடைக்கு வரும் எல்லோருக்கும் சொல்வேன். அவளுக்கும் சொல்லியிருந்தேன்.

அவள் தங்கை வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போன அன்று, வடிகட்டியை நனைத்து பிரிட்ஜில் ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் வருவதற்குள் எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுவிட்டேன். அவசரத்துக்கு வைத்திருந்த குளோரின் மாத்திரைகளையும் வெளியே எடுத்தேன். அதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். வடிகட்டி இருக்கும்போது அது வீண் கனம் என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வயிறு கெட வேண்டும், பாதியில் திரும்ப வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

குறித்த நாளில் அவள் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் ஓடைக்கரையில் கூடாரத்துக்குள் அவளைக் கண்டார்கள். உடம்பில் நீரே இல்லையாம். வடிகட்டியைப் படுக்கைப் பைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள் என்றார்கள். அது கெட்டுவிடக் கூடாது என்று அத்தனை நாளும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டபோதுதான் நான் அழுதேன்.

அன்றிலிருந்து என் சமையலறையில் யாரோ தண்ணீர்ப் பையை அமுக்கி வடிக்கும் சத்தம் கேட்கிறது. குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு, "குழாயெல்லாம் காஞ்சு கெடக்கு சார். உங்க காதுலதான் ஒழுகுது" என்று சிரித்தார். கடையிலேயே படுக்கப் போனேன். அங்கே குழாயே இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது சார். உங்கள் ஸ்டேஷனுக்கு நானே வந்ததற்கு அதுதான் காரணம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உடம்புக்கு முடியாதபோது அக்கா ஏன் திரும்பவில்லை என்று அவள் தங்கை என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் போன பாதையில், இரண்டாவது கணவாயில் ஆளில்லாத ஒரு குடில் இருக்கிறது. அங்கே அவசரத்துக்கு ஒரு போன் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அவள் கடைக்குப் பேசினாள். குரல் கம்மியிருந்தது.

"வயிறு சரியில்லைங்க. போய்க்கிட்டே இருக்கு. திரும்பி வந்துடவா? நீங்க சொல்றபடி செய்றேன்."

நான் ஆசைப்பட்டது அதுதானே. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கடையில் அப்போது கூட்டமும் இல்லை. ஆற அமர யோசித்துத்தான் பேசினேன்.

"உயரத்துக்கு உடம்பு பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். "நீ மேல போ. தண்ணி மட்டும் நிறைய குடி."