லாபம், ரெண்டு, மூணு

இல்ல தம்பி, ரிப்பேரு இல்ல. நல்லாத்தான் இருக்கு. அதான் இப்ப எனக்குப் பாடு. இந்த மைக்கு இருக்குல்லா, பேசுத ஓட்டை, அத மட்டும் கொஞ்சம் கெடுத்துக் கொடுக்கணும். ஆமா, கெடுத்து. படம் தெரியணும், அங்கன பேசுதது எனக்குக் கேக்கணும், நான் பேசுதது மட்டும் அந்தப் பக்கம் போவக் கூடாது. என்ன அப்படிப் பாக்குதீய? கோவில்பட்டியில இத்தன செல்லுக்கடை இருக்கு, எல்லாவனும் சரியாக்கித் தாரேங்கான். கெடுத்துத் தாரதுக்கு ஒருத்தன் இல்ல. நாலு கடை ஏறி எறங்கிட்டேன். ஒருத்தன் பைத்தியம்னே முடிவு பண்ணித் தண்ணி கொடுத்து அனுப்பிட்டான்.

மியூட்டா? அந்தப் பட்டனு தெரியும். ஒம்பது வாரமா அதுலதான் ஓட்டிட்டிருக்கேன். இன்னைக்கி அது செல்லாது. கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லலாம்தான். ஏற்கெனவே பேரு பொய், ஊரு பொய். மூணாவதும் பொய்யா இருக்க வேண்டாமேன்னு பாக்கேன். நெசமாவே கெட்டுட்டா அது பொய்யில சேராதுல்லா.

பாட்டு கிளாஸ் தம்பி. சிரிங்க, சிரிங்க. எனக்கு வயசு எழுவத்திமூணு முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி, செல்லுலயே. கூட ஒரு இருவது பேரு, எல்லாம் பால்பல்லு ஆடுத புள்ளைய. நான் மட்டும் படத்த அமத்திப்போட்டு ஒரு கறுப்புக் கட்டமா உக்காந்திருப்பேன். பேரு லிங்கராஜ்னு போட்டிருக்கும். எம் பேரு பெருமாள்சாமி. லிங்கராஜ் எங்கூரு டீக்கடைக்காரன். அவனுக்குப் பாட்டும் தெரியாது, டீயும் போடத் தெரியாது.

ஊரா? புதூருக்கு அங்கிட்டு. அம்பது வருசம் ஆடு மேச்சேன், இப்ப ஆடும் இல்ல. போன சித்திரையில கடைசி எட்டையும் வித்துட்டேன். வீட்டுல ஆளா? நானும் ஒரு சுவர்க்கோழியும். அதுவும் இப்பக் கொஞ்ச நாளாச் சத்தத்தக் காணும்.

பாட்டு ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி, ஆட்டுக்காரனுக்குச் சட்டுனு வெளங்கிரும். மொத நாளே டீச்சர் சொன்னாவ, ஏழு சொரத்துல ச-வும் ப-வும் அசையாது. அது கிடைக்கு அடிச்ச முளைக்கம்பு. அறுப்பு முடிஞ்ச புஞ்சையில ராத்திரி ஆட்ட அடைச்சுப் போடுவோம்லா, அந்தக் கிடை. மத்த அஞ்சும் படல் மாதிரி, கொஞ்சம் நவுத்திக் கட்டிக்கிடலாம். சின்ன ரி, பெரிய ரி. சின்ன க, பெரிய க. அப்படி அஞ்சுக்கு ரெண்டு ரெண்டு பத்து, முளைக்கம்பு ரெண்டு, ஆக மொத்தம் பன்னெண்டு எடம். ஒலகத்துப் பாட்டு பூராவும் இந்தப் பன்னெண்டுக்குள்ளதான் அடைஞ்சு கெடக்குன்னு அவிய சொன்னப்ப எனக்குப் பக்குனு ஆயிருச்சு. நான் பாட்டுன்னா பெரிய காடுன்னுல்லா நெனச்சிருந்தேன்.

மொதப் பாடம் ஒரு ராகம், மாயாமாளவகௌளை. பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள காப்பி ஆறிரும்.

எங்கிட்ட முந்தி ஒரு கெடா இருந்துச்சு. கத்துனா சுத்தமான ப. அப்ப எனக்கு ப-ன்னு தெரியாது, இப்பத்தான் தெரியுது. தூத்துக்குடியில கப்பல் சங்கு ஊதுனா இது புதூர்ல நின்னு பதில் கொடுக்கும். ஒரு நா மாலுமி, எதுக்க இன்னொரு கப்பல் வருதுன்னு நெனச்சுக் கப்பலக் கடல்லயே மூணு நாளு நிப்பாட்டிட்டான். நம்பலையா? சரி. கரிசக்காடு கோடையில வெடிச்சுக் கெடக்கும்லா, அந்த வெடிப்புல வாய வச்சுக் கீழ ச பாடிப் பாத்தேன், போன மாசம். மறுநா எப்போதும்வென்றான் ஊருலேர்ந்து ஒருத்தன் வந்து, ஏம் பாட்டையா, எங் கெணத்துக்குள்ள யாரோ மொனங்குதாங்கான். அதையும் நம்பலையா? எங்கூருலயும் இதான். எம் பேச்ச ஒருத்தனும் நம்ப மாட்டான்.

அங்கனதான் வாரேன் தம்பி, அவசரப்படாதீய. தாளத்துலதான் மாட்டுனேன்.

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூணு வெரலு. பொறவு தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. போன வாரம் டீச்சர், எல்லாரும் எண்ணிக்கைய வரிசையா டைப் பண்ணி அனுப்புங்கன்னாவ. புள்ளைய எல்லாம் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு அனுப்பிருக்கு. நமக்குக் களத்துல கம்பு அளந்த வாயி. மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்லுவோமா? லாபம்னுதான எடுப்போம். ஆடு எண்ணுனாலும் அப்படித்தான் எனக்கு. கையி தானா அடிச்சிருச்சு. லாபம் ரெண்டு மூணு நாலு, லாபம் ரெண்டு, லாபம் ரெண்டு.

அனுப்பிட்டுப் பாக்கேன், டீச்சர் பேச்ச நிப்பாட்டிட்டாவ. செல்லத்தான் பாத்துக்கிட்டிருக்காவ. புள்ளைய மேடம் மேடம்ங்குது. கரண்டு போயிருச்சோன்னு நெனச்சேன். பொறவு மெதுவா, லிங்கராஜ் ஐயா, ஒங்களுக்கு எந்த ஊருன்னு கேட்டாவ. நான் கும்பகோணம்னு அடிச்சேன். கும்பகோணத்துல கம்பு அளக்கானோ என்னமோ, யாரு கண்டா. அடுத்த வாரம் நீங்க தனியாப் பாடணும் ஐயா, மொத வரிசை மட்டும் போதும், மைக்கத் தொறந்து வைங்கன்னாவ. மத்த புள்ளைய யாரையும் சொல்லல. என்னைய மட்டும்.

அந்த அடுத்த வாரந்தான் இன்னைக்கி. மணி என்னாச்சு? நாலே முக்கால்.

பாடத் தெரியாமலா? நல்லாப் பாடுவேன் தம்பி. சரிகமபதநிச, காட்டுல யாருமில்லாம நெதம் பாடுதேன். பிரச்சன பாட்டுல இல்ல, தொண்டையில. அவ கேட்டான்னா ச-வத் தாண்ட விட மாட்டா, ஆளக் கண்டுபிடிச்சிருவா. மூணு வயசுல தாயத் தின்னுட்டு எந் தோள்ல கெடந்து வளந்த கழுத, எம் பொய்யக் கேட்டாத்தான் தூங்கும்.

ஆமா, டீச்சர் எம் மகதான். தீபலட்சுமி.

மதுரையில பாட்டுப் படிக்கப் போறேன்னா. ஏட்டி, வீட்டுல ஆடு கத்துதது பத்தாதான்னேன். போனா. படிச்சா. கூடப் படிச்ச ஒரு பையனக் கட்டிக்கிட்டா, நம்ம ஆளுக இல்ல. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுனானுவ. நான் என்ன செஞ்சேன், இங்கன வந்து அச்சாபீசுல கண்ணீர் அஞ்சலி போஸ்டரு போட்டேன். அவ பள்ளிக்கூடத்துப் படம், தோற்றம், மறைவு. மறைவுக்கு அவ கல்யாணத் தேதி. பஸ் ஸ்டாண்டு செவுரு பூரா நாந்தான் பச தடவி ஒட்டுனேன். அங்கன பஸ்ஸுல வந்து எறங்குன அவ சிநேகிதி ஒருத்தி படம் பிடிச்சு அவளுக்கே அனுப்பிட்டா. பதினோரு வருசம் ஆச்சு. வாழ்நாள்ல நான் விட்ட பொய்யில ஊரே நம்புன பொய்யி அது ஒண்ணுதான். துட்டிக்குத் துக்கம் கேட்டு வந்தானுவ தம்பி. நானும் வேட்டியால கண்ணத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பொறவு இந்தச் செல்லு வாங்குனப்ப யாரோ வாட்சாப்புல ஒரு வெளம்பரம் போட்டிருந்தான். இசையின் அடிப்படை, ஞாயிறு மாலைன்னு. பாத்தா அவ படம். கொஞ்சம் சதை போட்டிருக்கா. நர ஒண்ணு ரெண்டு இருக்கு.

நான் சாவடிச்ச புள்ள, வாரம் நாப்பது நிமிசம் எங்கூடப் பேசிக்கிட்டிருக்கா. எம் மூஞ்சி தெரியாம, எங் கொரலு தெரியாம. அதுக்குத்தான் தம்பி இத்தன கூத்தும். வாயத் தொறந்தேன்னா அந்த நாப்பது நிமிசமும் போயிரும். அதனால சட்டுனு கெடுத்துக் கொடுங்க.

ஏன் ஸ்குரூ டிரைவரக் கீழ வச்சிட்டீய?

என்னது? தெரிஞ்சுதான் பாடச் சொல்லிருப்பாளா? லாபம்னு பாத்தப்பவே தெரிஞ்சிருக்குமோ? வேண்டாம்னா அன்னைக்கே வெளிய தள்ளிருப்பாங்குதீய.

ஒரு வாரமா இத நான் இப்படித் திருப்பிப் பாக்கவே இல்லியே தம்பி.

இந்தா, கிளாசு தொறந்திருச்சு. அவதான். புள்ளைய ஒவ்வொண்ணா வருது. சாப்பிட்டியா, மழை பெஞ்சுச்சான்னு கேட்டுக்கிட்டிருக்கா. இன்னும் எம் பேரு வரல.

தம்பி, தலைக்கு மேல அந்த விசிறியக் கொஞ்சம் அமத்துங்க. இரைச்சல் இருந்தா அவளுக்கு நான் பாடுதது சரியாக் கேக்காது.