காய்ச்சல் தெரியாத நெற்றி

— கத்தாதம்மா பாண்டிச்செல்வி. ஐசியூ வாசல்ல நின்னுக்கினு இன்னா சவுண்டு இது?

— கத்துவேன், எல்லப்பன் சார். உள்ள கெடக்கது என் ரூம்மேட்டு. நேத்து கம்பெனில பெல்ட்டு லைன்ல சுருண்டு விழுந்தவள நடிக்கான்னு சொல்லி, ஷேர் ஆட்டோவுல ஏத்தி படப்பை ஹாஸ்டலுக்கு அனுப்புனது யாரு? நீங்கதான?

— நான் சூப்பர்வைசர்மா. ஸ்க்ரூ டப்பாவத் தூக்கி என் மூஞ்சி மேலயே அடிச்சா உன் சந்தனமாரி. நான் ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு பேசறா. திமிருன்னு நெனக்காம வேற இன்னா நெனக்கறது?

— மூணு வருசமா ஒங்க லைன்ல நிக்கா. ஒரு நாளாவது எதுத்துப் பேசிருக்காளா? அவளுக்கு எங்கேருந்து திடீர்னு திமிரு வரும்னு யோசிச்சியளா? இந்த லைட்டு வேற கண்ணக் குத்துது, சனியன்.

— காய்ச்சல்னு அவ ஒரு வார்த்த சொல்லலையே. கேட்ல டெய்லி நெத்தில மிஷின் வெச்சுப் பாக்கறாங்க. நார்மல்னுதான் வந்துக்கினு இருந்துது.

— எப்படிய்யா காட்டும்? காய்ச்சலடிச்சா பஸ்ஸு ஏறும்போதே மாத்திரைய முழுங்கிருதோம். ஒரகடம் கம்பெனி கேட்டு வரதுக்குள்ள சூடு எறங்கிரும். சூடு காட்டுனா திருப்பி அனுப்பிருதிய. ஒரு லீவு விழுந்தா அந்த மாச போனஸே கெடையாதுன்னு சட்டம் போட்டது நாங்களா?

— நானும் போடலமா. நானே அதுல மாட்டிக்கினு முழிக்கறவன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் டியூட்டி டாக்டர். சந்தனமாரிக்கு யாரு?

— நான்தான் டாக்டரம்மா. அவ அம்மா தென்காசிலேருந்து வந்துக்கிட்டிருக்காவ. அவளுக்கு என்ன?

— உண்ணிக் காய்ச்சல். புதர்ல இருக்கற பூச்சி கடிச்சு வர்றது. இடுப்புல கருப்பா பொருக்கு கட்டியிருக்கு, அதான் கடிச்ச இடம். புதர் பக்கம் போனாளா?

— மொட்டமாடியப் பூட்டிப் போட்டிருக்காவ. நாங்க எல்லாரும் பின்னால இருக்க புதர் மேலதான் துணி காயப் போடுதோம். கேட்டுக்கோங்க சார், ஒங்க கம்பெனி ஹாஸ்டல் லட்சணத்த!

— பூச்சி கடிச்சது இடுப்புல. புத்தி ஏன் மேடம் கலங்குச்சு?

— கிருமி ரத்தக்குழாயோட உள்சுவர்ல போய் உக்காந்துடும். அத எதிர்க்க நம்ம உடம்பே சைட்டோகைன்னு சில பொருள ரத்தத்துல விடும். ஆபத்து, ஓடி வாங்கன்னு சொல்ற சேதி மாதிரி. மூளையில ஓடுற ரத்தக்குழாய்ச் சுவர் ரொம்ப இறுக்கமா இருக்கும், கண்டதையும் உள்ள விடாது. அந்தச் சேதி அளவுக்கு மீறிப் போச்சுன்னா அதுவும் இளகிடும். உங்க ஃபேக்டரில ஃபயர் அலாரம் அடிச்சா என்ன ஆகும்?

— கேட்டுங்க எல்லாம் தானா தொறந்துக்கும் மேடம்.

— அதேதான். சுவர் இளகி உள்ள கசியுது, மூளை வீங்குது. நீங்க முழுங்கற மாத்திரை சூட்டத்தான் எறக்கும், இத நிறுத்தாது. தலை வலிக்கும், வெளிச்சம் கூசும். எதுக்கெடுத்தாலும் கோவம் வரும். அப்புறம் எங்க இருக்கோம்னே தெரியாது. நாலு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சாதாரண மாத்திரையிலயே சரியாகியிருக்கும்.

— கேட்டியளா? மாத்திரையிலயே போயிருக்கும்! பாவிகளா, ஒங்க மிஷினு நாசமாப் போக! ஒங்க போனஸுல இடி விழ! அந்த லைட்ட யாராவது அணைங்களேன், மண்ட பொளக்குது!

— பாருங்க மேடம், எப்டி எகிறுதுன்னு. சொல்ல வந்தா நம்ம மேலயே பாயும்.

— விடுங்க. கூட்டாளி படுத்திருக்கா, கோவம் வராதா? ஊசி போட ஆரம்பிச்சிட்டோம்மா. ராத்திரி தாண்டட்டும், பாக்கலாம்.

— சார், அடுத்த பீஸு ஏன் இன்னும் வரல? பெல்ட்டு ஏன் நிக்கி?

— எந்த பெல்ட்டும்மா? இது ஆஸ்பத்திரி.

— பெல்ட்டு ஏன் நிக்கின்னு கேக்கேன். சந்தனமாரி எங்க போனா?

— மேடம், இவள உள்ள கூட்டினு போங்க. நெத்தியத் தொட்டுப் பாக்காதீங்க, மாத்திரை போட்டிருப்பா, சூடு தெரியாது. நேத்து விழறதுக்கு மின்ன சந்தனமாரியும் இதேதான் கேட்டா, பெல்ட்டு ஏன் நிக்கின்னு. அப்போ பெல்ட்டு ஓடிக்கினுதான் இருந்துது.