எந்த வைனுக்கு எந்தக் கிளாஸ்

ஹேவ்லாக் தீவுக்குப் போகும் போட்டுக்காக ஜெட்டியில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். கணவர் ரிசார்ட்டில் பரிமாறுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"சிவப்பு வைனுக்கு?" என்று பிள்ளையிடம் பாடம் கேட்பதுபோல அவள் கேட்டாள்.

"வயிறு பெருத்த கிளாஸு. காத்துப் படணும்."

"வெள்ளைக்கு?"

"அதவிடச் சின்னது. சூடேறாம தண்டப் பிடிக்கணும்."

"நுரைக்கிறதுக்கு?"

"ஒல்லியா, ஒசரமா. அரே, இதெல்லாம் தெரியும் புள்ள. மேனேஜர் இதையா கேக்கப் போறான்? தட்டு நிறைய கிளாஸ வச்சு நடக்கச் சொல்லுவான். போன தடவ மாதிரி ஒடஞ்சா இன்னியோட வேல போச்சு."

அவள் காகிதக் கப்பில் டீயை நீட்டினாள். வாங்கிய கை நடுங்கி, பாதி டீ தரையில் சிந்தியது.

"குடிய விட்டதுலேருந்துதான் இப்படி. கோயில்ல கயிறு கட்டுன பெறகு ஒரு சொட்டு தொடல."

"தெரியும். பக்கத்துலதான படுத்திருக்கேன்."

"சலோ பாய், சலோ" என்றார் பின்னாலிருந்தவர். வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்தாள். ரம் வாசனை எனக்கே வந்தது.

"நீயா வாங்குன?"

"நடுக்கம் நிக்கிற அளவுக்குத்தான். கையக் காட்டுங்க."

மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை முதலில் அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மீதி டீயைக் கொட்டிவிட்டு அதே கப்பில் ஊற்றினாள். அதை அவர் கையில் தரவில்லை. தானே பிடித்து அவர் வாயில் வைத்தாள்.