வெள்ளிமலை மண்டலத்தில் ஒரு பச்சைப் புள்ளி

வெற்றிவேல்: ...அதுக்குன்னு விழா ஃபிளெக்ஸ்ல என் போட்டோவ தீப்பெட்டி சைஸ்லயா போடுவாங்க? மேப்பு சரிபார்ப்புக் குழுத் தலைவர்டா நானு!

தமிழழகன்: ஃபிளெக்ஸ் கெடக்குது வுடு. அந்தப் பொண்ணு எங்க வந்துக்கினு இருக்குது, அத்தப் பாரு.

வெற்றிவேல்: எந்தப் பொண்ணு?

தமிழழகன்: அபிநயாடா. தியாகதுருகத்துப் பொண்ணு. நம்ம மேப்ப நம்பி கேம்ல விண்கப்பல் ஓட்டிக்கினு போவுதே...

வெற்றிவேல்: போவட்டுமே! அதுக்குத்தான மேப்பு? கம்பெனிக்காரன் கேம மட்டும் குடுத்தான். வழிய நீ குடுத்த. நாளைக்கு சங்கராபுரம் மண்டபத்துல உன் பாராட்டு விழாவுல வாழ்த்து மடல் படிக்கறேன் பாரு... "அண்டம் அளந்த அண்ணலே! கோள்களின் கோமானே! கல்வராயன் மலை ஈன்ற..."

தமிழழகன்: படிக்காதடா. அந்தப் பேப்பர மடிச்சி வை.

வெற்றிவேல்: நீ எழுதிக் குடுத்ததுதான?

தமிழழகன்: அது... அப்ப எழுதுனது. இரு, போன் வருது. அதுதான். ஸ்பீக்கர்ல போடறேன்.

அபிநயா: அண்ணா, கேக்குதுங்களா? வெள்ளிமலை மண்டலத்துக்குள்ள வந்துட்டேன்ணா. டாங்குல அடுத்த நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு தாவு தாவத்தான் எரிபொருள் இருக்குது.

தமிழழகன்: நல்லதும்மா. அஞ்சற்க. நம் வழிகாட்டி உடனிருக்கும்.

அபிநயா: அதான்ணா கேக்கறேன். மேப்புல பக்கத்துல பக்கத்துல ரெண்டு பச்சைப் புள்ளி காட்டுது. பச்சைன்னா எரிபொருள் ரொப்பிக்கிற நட்சத்திரம்தானங்க?

தமிழழகன்: ஆங்... பொதுவா அப்படித்தான்.

அபிநயா: பொதுவாவா? அண்ணா, மாத்தித் தாவி எரிபொருள் தீந்துட்டா கப்பல் வெடிச்சிடும்ணா. ரெண்டு வருசமா கண்டுபுடிச்ச கோளெல்லாம் இன்னும் விண்வெளி நெலையத்துல பதியல. எல்லாம் இந்தக் கப்பல்லதான் இருக்குது. ஒண்ணுக்கு எங்கம்மா பேரு வச்சிருக்கேன்... ராணியம்மாள்னு.

வெற்றிவேல்: அட, அம்மா பேர்ல கோளா!

அபிநயா: ஆமாங்கண்ணா. அவங்க பேர்ல ஒரு சென்ட் நெலம் கெடையாது. வருசம்பூரா அடுத்தவங்க கொல்லியில கரும்பு வெட்டுறாங்க. பதிஞ்சதும் காட்டறேன்னு சொல்லி வச்சிருக்கேன். எதுக்குத் தாவட்டும்? சீக்கிரம் சொல்லுங்கண்ணா. சும்மா நின்னாலும் எரிஞ்சிக்கினே இருக்குது.

தமிழழகன்: ஒரு நிமிசம்மா... ஆய்வுக் குழு கலந்து சொல்லும். வெற்றி, அதுக்குக் கேக்காம மைக்க அமுக்கு.

வெற்றிவேல்: அமுக்கிட்டேன். இன்னாத்தடா கலக்கறது? நீ போட்ட புள்ளி. சொல்லித் தொலை.

தமிழழகன்: போட்டேன்... ஆனா கேம்ல அந்தப் பக்கம் நான் போவலடா.

வெற்றிவேல்: போவாம எப்பிடி?

தமிழழகன்: விழாவுக்கு தேதி குடுத்துட்டாங்க. மேப்புல அந்த மூல மட்டும் வெள்ளையா இருந்தா மரியாதையாவா இருக்கும்?

வெற்றிவேல்: அப்ப நட்சத்திரத்தயெல்லாம் எங்கருந்து எடுத்த?

தமிழழகன்: ...பஸ் ரூட்டுலருந்து.

வெற்றிவேல்: இன்னாது?

தமிழழகன்: கச்சிராயபாளையத்துலருந்து மேல ஏறுற ரூட்டு. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு நட்சத்திரம். பெட்ரோல் பங்க் வர்ற எடத்துல பச்ச.

வெற்றிவேல்: அடப்பாவி! அவ்ளோ பங்க்கு ஏதுடா அந்த வழியில?

தமிழழகன்: பொட்டிக்கடையில பாட்டில்ல ஊத்தி விப்பானே... அதுக்கும் ஒண்ணு வச்சேன்.

வெற்றிவேல்: கோள்களின் கோமானே... நாசமாப் போச்சுடா!

தமிழழகன்: கத்தாத. நான் தெகிரியமா இருந்ததே உன்னாலதான். நான் வரைஞ்சது தப்பா இருந்தா நீ அழிச்சிருப்பல்ல? அழிக்கல. ஒரு புள்ளிக்கு முத்திரயும் குத்தியிருக்க. "நேரில் சென்று ஆய்ந்தவர்: வெற்றிவேல்."

வெற்றிவேல்: அது... ஆமா... குத்துனேன்.

தமிழழகன்: அப்ப குருட்டாம்போக்குல போட்டதே சரியா வுழுந்திருக்குது! மேல இருக்கற புள்ளிதான? அங்க எரிபொருள் எடுத்தியா?

வெற்றிவேல்: இப்ப அதா முக்கியம்? அந்தப் பொண்ண அங்கயே நிக்கச் சொல்லு...

தமிழழகன்: நின்னாலும் எரியுதுன்னுது. நீ ஒரு வார்த்த சொன்னா போதும். மைக்க எடு.

வெற்றிவேல்: இருடா... தண்ணி குடிச்சிக்கிறேன்...

தமிழழகன்: அய்யோ, குடு இங்க! அம்மா அபிநயா, இருக்கியா?

அபிநயா: இருக்கேன்ணா! நீங்க பேசலையா, இங்க செவப்பு வெளக்கு எரிய ஆரம்பிச்சிடுச்சி. பயமாப் போச்சி. வெற்றி அண்ணன் முத்திர குத்துன புள்ளிக்குத் தாவு அமுக்கிட்டேன். அண்ணன் நேர்ல பாத்த எடம்... பொய்யா இருக்காதுல்லங்க?

தமிழழகன்: நல்ல காரியம் பண்ணம்மா! போ, தைரியமாப் போ. டேய் வெற்றி, உன் புள்ளிக்கேதான் போவுதாம். இன்னா நட்சத்திரம்டா அது? எப்பிடி இருக்கும், வர்ணிச்சு சொல்லு, பயம் தெளியட்டும்... வெற்றி? ஏண்டா மைக்கத் திரும்ப அமுக்குற?

வெற்றிவேல்: நான் அந்த கேமயே இன்னும் போன்ல ஏத்தலடா.